ஒசாகா எக்ஸ்போ: அம்மாவுடன் இரண்டு நாட்கள், கட்டடங்களை மட்டும் பார்க்க முடியுமா?

பவானிக்கரை | 12 மே 2025

வணக்கம். ஜூன் 10, 11 தேதிகளில் அம்மாவை அழைத்துக்கொண்டு ஜப்பானில் நடக்கும் உலகக் கண்காட்சியான ஒசாகா எக்ஸ்போவுக்குப் போகிறேன். விமான டிக்கெட் எடுத்தாயிற்று. கண்காட்சி டிக்கெட்டும் இரண்டு நாட்களுக்கு வாங்கிவிட்டேன். இனி என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அம்மாவுக்கு வயது 66. முப்பத்தோரு ஆண்டுகள் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். வலது முழங்காலில் வலி உண்டு. மெல்ல நடந்தால் எவ்வளவு தூரமும் நடந்துவிடுவார், ஆனால் ஒரே இடத்தில் கால்மணி நேரம் நிற்கச் சொன்னால் முடியாது. நான் ஈரோட்டில் வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிறவன். கட்டடக்கலைப் பட்டம் எதுவும் கிடையாது. பட்டயப் படிப்பும் பதினைந்து ஆண்டு அனுபவமும் உண்டு. இத்தனை நாடுகள் பக்கத்தில் பக்கத்தில் ஆளுக்கொரு கட்டடம் கட்டி நிறுத்தும் இடத்தை வாழ்நாளில் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது பல காலத்து ஆசை.

உள்ளே காட்டும் படங்கள், ஒளிக்காட்சிகள் எனக்கு முக்கியம் இல்லை. கட்டடங்கள்தான் வேண்டும். முன்பதிவு கிடைக்காவிட்டால் வெளியிலிருந்து பார்ப்பதற்கே அவ்வளவு தூரம் போவது தகுமா? எந்த வரிசையில் பார்க்கலாம்? அரங்குகளைச் சுற்றிக் கட்டியிருக்கிற அந்தப் பெரிய மர வளையத்தின் மேல் அம்மாவால் ஏற முடியுமா?

இன்னொன்று. என் தம்பி கேட்கிறான்: "எல்லாம் ஆறு மாதத்தில் பிரித்துப் போடப்போகிற கொட்டகை. அதைப் பார்க்க இவ்வளவு செலவா? அதே பணத்தில் ஆயிரம் ஆண்டு நிற்கிற கோயில்களை எத்தனை பார்க்கலாம்?" அவனுக்குச் சொல்ல என்னிடம் சரியான பதில் இல்லை. அம்மா மட்டும் "போகலாம்" என்கிறார்.

மழைநாள் | 12 மே 2025

ஏப்ரல் கடைசியில் கணவர், இரண்டு பிள்ளைகளுடன் போய் வந்தேன். உள்ளதைச் சொல்கிறேன். எங்கள் நாளில் பாதி வரிசையிலேயே போயிற்று. ஓர் அரங்குக்கு இரண்டு மணி நேரம் நின்று உள்ளே போனால், இருட்டறையில் பெரிய திரை. பன்னிரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். சின்னவள் அழுதுவிட்டாள். உங்கள் அம்மாவை அப்படி நிறுத்தாதீர்கள்.

தெரிந்துகொள்ள வேண்டியவை: வளாகத்துக்குள் ரொக்கம் செல்லாது, எல்லாமே அட்டை அல்லது கைப்பேசி வழியாகத்தான். கைப்பேசிக்குக் கூடுதல் மின்கலம் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் டிக்கெட், முன்பதிவு, வரைபடம் எல்லாம் அதில்தான். குடிநீர் இலவசமாக நிரப்பிக்கொள்ளலாம். முழுநாள் டிக்கெட் 7,500 யென்; வார நாளில் காலை 11 மணிக்கு மேல் நுழைகிற டிக்கெட் 6,000 யென்தான். இது தெரியாமல் நாங்கள் முழுநாள் டிக்கெட் வாங்கிவிட்டோம்.

ஆனால் வளையம் அருமை. அதில் எனக்குக் குறையே இல்லை. சாயங்காலம் மேலே ஏறி, அழுத பிள்ளையும் நாங்களும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்த ஒரு மணி நேரம்தான் பிள்ளைகளுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஒசாகா_கயல் | 13 மே 2025

பவானிக்கரை, உங்கள் கேள்வியை நேற்று இரவு படித்துவிட்டு இதை எழுதாமல் தூங்க முடியவில்லை. பதினொரு ஆண்டுகளாக ஒசாகாவில் இருக்கிறேன். மரக் கட்டடங்களுக்கு நுணுக்க வரைபடம் வரைவது என் வேலை. 30,000 யென் கொடுத்துப் பருவச் சீட்டு வாங்கி இதுவரை ஒன்பது முறை போயிருக்கிறேன். பெரும்பாலும் வேலை முடிந்த பிறகு, மாலையில்.

உங்கள் தம்பிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்தில் பிரிக்கப்போகிறார்கள் என்பதுதான் அங்கே போவதற்குக் காரணமே. நாம் கட்டுகிற வீட்டில் எல்லாப் பொருத்துகளையும் பூச்சுக்குள் மூடிவிடுகிறோம். ஒரு தூணும் ஒரு சட்டமும் எப்படிச் சேர்ந்தன என்பது கட்டிய கொத்தனாருக்கும் தச்சருக்கும் மட்டுமே தெரியும். எக்ஸ்போவில் கழற்ற வேண்டும் என்று தெரிந்தே கட்டியிருக்கிறார்கள். அதனால் பல அரங்குகளில் போல்ட் தலை வெளியே தெரிகிறது, மூட்டு கண்ணில் படுகிறது. திறந்து வைத்த கைக்கடிகாரத்தைப் பார்ப்பது போலப் பார்க்கலாம்.

இரண்டாவது காரணம் தரை. எக்ஸ்போ நடக்கும் யுமேஷிமா இயற்கையான தீவு இல்லை. கடலில் தூர்வாரிய மண்ணையும் கழிவையும் கொட்டி உருவாக்கிய இடம், தரை மென்மையானது. கனமாகக் கட்டினால் இறங்கும். ஆகவே எடையோடு போராடாத வடிவமைப்பாளர் அங்கே எவருமில்லை. நான் ஒவ்வோர் அரங்குக்கு முன்னாலும் முதலில் அதன் காலடியைத்தான் பார்ப்பேன். தரையை எப்படித் தொடுகிறது? அடுத்து, எந்தப் பக்கத்திலிருந்து கழற்றத் தொடங்குவார்கள்? இந்த இரண்டு கேள்விகளோடு நடந்தால் உள்ளே போக முடியாத அரங்கும் உங்களுக்குப் பாடம் சொல்லும். அம்மாவும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

வளையத்தில் தொடங்குங்கள். வடிவமைத்தவர் சோ ஃபுஜிமோதோ. சுற்றளவு ஏறத்தாழ 2 கிலோமீட்டர், அகலம் 30 மீட்டர். உள் விளிம்பு 12 மீட்டர் உயரம், வெளி விளிம்பு 20 மீட்டர். அதாவது உள்பக்கமாகச் சரிகிறது. நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு வட்டத் தட்டு போலத் தெரியும். உலகின் மிகப் பெரிய மரக் கட்டடம் என்று கின்னஸ் சான்று பெற்றது. ஆனால் அளவைச் சொல்லிப் பெருமைப்படுவது எனக்குப் பிடிக்கவில்லை. அது மூட்டிலிருந்து நம் கண்ணைத் திருப்பிவிடுகிறது.

மூட்டின் பெயர் நுகி. தூணில் துளை வெட்டி, குறுக்குச் சட்டத்தை அதற்குள் நுழைத்து மறுபக்கம் வரவைத்து, மிச்சமிருக்கும் இடைவெளியில் ஆப்பு அடித்து இறுக்குவது. கியோத்தோவில் கியோமிசு கோயிலின் உயரமான முன்மேடையை இந்த முறைதான் தாங்குகிறது. அம்மாவைக் கோயிலுக்கும் அழைத்துப்போவீர்கள் என்றால் மேடையில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். கீழே இறங்கி வந்து அண்ணாந்து பாருங்கள், பிறகு வளையத்துக்கு வாருங்கள்.

ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். "ஓர் ஆணிகூட இல்லாமல் கட்டியது" என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. பழைய நுகி மூட்டு மெல்ல அசைந்து கொடுத்து நிலநடுக்கத்தைத் தாங்கும். இவ்வளவு பெரிய கட்டடத்தில், இத்தனை பேர் மேலே நடக்கும்போது, அந்த அசைவை மட்டும் நம்ப முடியாது. ஆகவே உலோகத்தையும் சேர்த்து வலுப்படுத்தியிருக்கிறார்கள். இதைச் சொன்னால் சிலர் ஏமாந்துபோகிறார்கள். எனக்கு அது ஏமாற்றமாகவே இல்லை. பழைய முறை இன்றைய விதிகளுக்குள் நுழைய என்ன விலை கொடுத்தது என்று அந்த மூட்டு ஒளிக்காமல் சொல்கிறது. வளையத்தை மூன்று கட்டுமானக் கூட்டணிகள் பகிர்ந்துகொண்டு கட்டின. ஒவ்வொன்றும் மூட்டைத் தன் வழியில் செய்திருக்கிறது. கீழே நடக்கும்போது தூணும் சட்டமும் சேருமிடத்தை உற்றுப் பாருங்கள். ஒரு பகுதி முடிந்து அடுத்த பகுதி தொடங்குமிடம் உங்கள் கண்ணுக்குத் தப்பாது.

மேலே போக மின்படியும் மின்தூக்கியும் இருக்கின்றன, அம்மா படியேற வேண்டியதில்லை. வெயிலோ மழையோ, வளையத்தின் அடியில் ஒதுங்கலாம், பெஞ்சுகளும் உண்டு. நீர்ப்பக்கத்தில் இப்போது சிறு பூச்சிகள் கூட்டமாகப் பறக்கின்றன. கடிக்காது, ஆனால் வாய்க்குள் போகும்.

இனி அரங்குகள். மேற்குப் பக்கத்தில் நீலக் கடல் குவிமாடம் என்று ஷிகெரு பான் வடிவமைத்த மூன்று குவிமாடங்கள் இருக்கின்றன. ஒன்று அடுக்கி ஒட்டிய மூங்கில், ஒன்று கார்பன் ஃபைபர், ஒன்று காகிதக் குழாய். கார்பன் ஃபைபர் விலை உயர்ந்த பொருள், விமானத்துக்குப் பயன்படுத்துவது. அதை ஏன் இங்கே கொண்டுவந்தார் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. எடை அவ்வளவு குறைந்ததால் அந்த மென்மையான தரையில் ஆழமாகத் தூண் இறக்கிப் போடுகிற அடித்தளமே தேவைப்படவில்லை. நிலத்தில் இறக்காத கான்கிரீட்டைப் பிறகு பிடுங்க வேண்டியதும் இல்லை. மேலே செய்த செலவு கீழே மிச்சமாயிற்று. வரைபடம் போடுகிற உங்களுக்கு இதன் அழகை நான் விளக்க வேண்டியதில்லை.

பஹ்ரைன் அரங்கை விட்டுவிடாதீர்கள். லீனா கொத்மே வடிவமைத்தது. பாய்மரப் படகின் எலும்புக்கூடு போல, ஏறத்தாழ மூவாயிரம் மரத் துண்டுகளால் ஆனது. வளைகுடாப் படகு கட்டும் முறையையும் ஜப்பானிய மரப் பொருத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறார். நான் நான்கு முறை போனேன்.

போர்ச்சுகல் அரங்கில் கெங்கோ குமா சுமார் பத்தாயிரம் கயிறுகளைத் தொங்கவிட்டிருக்கிறார். காற்று வீசும் நாளில் பார்த்தால் அழகு, காற்றில்லாத நாளில் கயிற்றுக் கடை. சவூதி அரங்கைப் பகலில் பார்க்காதீர்கள். விளக்கேற்றும் நேரத்தில் அந்தக் குறுகிய சந்துகளுக்குள் நடந்தால்தான் அது ஒரு பழைய ஊராகும். சுவிட்சர்லாந்தின் காற்றுக் குமிழ்கள், யோய்ச்சி ஒச்சியாய் என்ற கலைஞரின் அரங்கில் முகம் காட்டி நெளிகிற சவ்வுச் சுவர், இரண்டையும் வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சுவர் திடீரென்று உதறும்போது அதில் தெரிகிற உங்கள் முகமும் உதறும்.

மகளிர் அரங்கு கிழக்கு வாயிலுக்கு அருகில் இருக்கிறது. அதன் முகப்பை நன்றாகப் பாருங்கள். துபாய் எக்ஸ்போவில் ஜப்பான் அரங்கின் முகப்பாக இருந்த அதே சட்டகங்கள், அதே வடிவமைப்பாளர் யூகோ நாகயாமா. பிரித்து, கப்பலில் கொண்டுவந்து, வேறு வடிவ மனையில் மறுபடி கோத்திருக்கிறார்கள். உங்கள் தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்: கொட்டகையைப் பிரித்தால் எல்லாமே குப்பைக்குப் போய்விடுவதில்லை.

கடைசியாக ஒன்று, இது அம்மாவுக்காக. திரைப்பட இயக்குநர் நவோமி கவாசே பொறுப்பேற்ற அரங்கு பள்ளிக்கூடங்களால் ஆனது. நாரா மாவட்டம் தொத்சுகவா ஊரிலும் கியோத்தோ மாவட்டம் ஃபுகுச்சியாமாவிலும் பிள்ளைகள் இல்லாமல் மூடிக்கிடந்த மரப் பள்ளிகளைப் பிரித்து எடுத்துவந்து இங்கே மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். அம்மா ஆசிரியை என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

முன்பதிவு: இரண்டு மாதம் முன்பே நடக்கும் குலுக்கல் உங்களுக்கு முடிந்துவிட்டது. ஏழு நாள் முன்பு நடக்கும் குலுக்கல் இன்னும் இருக்கிறது, அதில் கிடைப்பதற்கு அரிய ஒன்றைக் கேளுங்கள். அதிலும் விழாவிட்டால் மூன்று நாள் முன்பு மிச்சமிருக்கும் இடங்களை முந்துகிறவர்களுக்குத் தருகிறார்கள். உள்ளே நுழைந்த பத்து நிமிடத்துக்குப் பிறகு அன்றைய நாளுக்கான பதிவும் செய்யலாம்.

பழைய_வரைபடம் | 14 மே 2025

கயல் சொன்னதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஒன்று சேர்க்கிறேன். ஒசாகாவரை போகிறவர் பக்கத்து ஊரான சுயிதாவுக்கு அரை நாள் ஒதுக்காமல் திரும்பக் கூடாது. 1970இல் அங்கே எக்ஸ்போ நடந்த இடம் இன்று பெரிய பூங்காவாக இருக்கிறது. மோனோரெயிலில் பன்பாக்கு கினென் கோயென் நிலையத்தில் இறங்க வேண்டும்.

அந்த எக்ஸ்போவுக்கு 6 கோடியே 40 லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள். நடுவே கென்சோ தாங்கே ஒரு மாபெரும் இரும்புக் கூரை போட்டார். எஃகுக் குழாய்களை உருண்டை மூட்டுகளில் கோத்த, 30 மீட்டர் உயரத்தில் நிற்கிற கூரை. தாரோ ஒகமோதோ என்ற கலைஞர் அதற்கு அடியில் அடங்காத 70 மீட்டர் சூரியக் கோபுரத்தை வைத்து, கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே வரச் செய்தார். கூரை, எதிர்காலக் கட்டடக்கலை என்று உலகமே கொண்டாடியது. கோபுரம் இடிக்கப்பட வேண்டிய பட்டியலில் இருந்தது. இன்று கூரை இல்லை. மூட்டோடு சேர்ந்த ஒரு சிறு துண்டைப் புல்வெளியில் வைத்திருக்கிறார்கள். கோபுரம் நிற்கிறது. மக்கள் இடிக்கவிடவில்லை.

1990களில் வேலை நிமித்தமாக ஒசாகா போனபோது அந்தக் கூரைத் துண்டின் அருகில் வெகுநேரம் நின்றேன். மாணவனாக இருந்தபோது அதன் புகைப்படத்தைப் பார்த்து அந்த மூட்டின் வரைபடத்தை வரைந்து பழகியவன் நான். தாளில் எலுமிச்சையளவு வரைந்த அந்த உருண்டை நேரில் என் நெஞ்சுயரத்துக்குக் கிடந்தது. அதன் மேல் கை வைத்தபோது தோன்றியதை வேறொருவருக்கு எழுதிக் காட்ட என்னால் முடியாது.

சூரியக் கோபுரத்தின் உட்புறம் 2018 முதல் மீண்டும் திறந்திருக்கிறது. அதற்கும் முன்பதிவு வேண்டும். உள்ளே படிகள் அதிகம், அம்மாவின் முழங்காலை நினைத்து முடிவெடுங்கள்.

பவானிக்கரை | 14 மே 2025

கயல் அக்கா, மழைநாள் அவர்களே, ஐயா, மூவருக்கும் நன்றி. அக்காவின் பதிலை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பள்ளிக்கூடம் என்ற இடம் வந்ததும் "அதை மறுபடி படி" என்றார். அம்மா கடைசியாகப் பணிபுரிந்த பள்ளியும் பிள்ளைகள் குறைந்து மூடப்பட்டதுதான்.

சந்தேகம் ஒன்று. முழு வளையத்தையும் சுற்றுவது நல்லதா, அல்லது ஒரு பகுதி போதுமா? அம்மா முழுவதும் நடப்பேன் என்கிறார்.

ஒசாகா_கயல் | 14 மே 2025

தம்பி, முதல் நாள் கீழே பாதி, இரண்டாம் நாள் மேலே மீதிப் பாதி. தெற்கே வளையம் நீரின் மேல் நிற்கிறது. அந்தப் பகுதியை மேலே நடக்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அமைதிக் காடு என்று ஒரு தோப்பு உண்டு. மேலே ஐயா சொன்ன 1970 எக்ஸ்போ பூங்காவிலிருந்தும் ஒசாகாவின் மற்றப் பூங்காக்களிலிருந்தும் கொண்டுவந்து நட்ட 1,500 மரங்கள். அம்மா களைத்தால் அங்கே உட்காரவையுங்கள். அதற்குள்ளேயே சானா என்ற கட்டடக்கலை நிறுவனம் செய்த, சுவரும் கூரையும் இல்லாத ஓர் அரங்கும் இருக்கிறது. மெல்லிய கம்பி வலை மட்டும் மரங்களுக்கு மேலே நிற்கும். கட்டடம் எங்கே என்று அம்மா கேட்டால் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நேற்று எழுத மறந்தது, கழிப்பறை. சிரிக்க வேண்டாம். ஓய்விடங்களையும் கழிப்பறைகளையும் இருபது இளம் வடிவமைப்பாளர் குழுக்களிடம் கொடுத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றின் கூரையைப் பெரிய பாறைகள் தாங்குகின்றன. நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒசாகாக் கோட்டையை மீண்டும் கட்ட வெட்டி, ஏதோ காரணத்தால் கோட்டை வரை போய்ச் சேராமல் கியோத்தோ மாவட்டத்தின் கிசுகாவாவில் தங்கிவிட்ட கற்கள். 'சன்னென் இஷி' என்பார்கள், 'வருத்தக் கல்' என்று சொல்லலாம். வளாகத்தில் எனக்கு மிகவும் பிடித்த கட்டடம் எது என்று கேட்டால் பஹ்ரைனுக்கு அடுத்து இதைத்தான் சொல்வேன்.

பவானிக்கரை | 19 ஜூன் 2025

ஊர் திரும்பிவிட்டோம். எழுதாமல் விட்டால் நன்றியற்றவனாவேன்.

முதல் நாள் காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. கிழக்கு வாயிலில் நுழைந்து நேராக வளையத்தின் அடிக்குப் போய்விட்டோம். வெளி வரிசைத் தூண்கள் சாரலில் நனைந்து பாகு நிறமாயிருந்தன, உள் வரிசைத் தூண்கள் உலர்ந்து வெளிறி இருந்தன. ஒவ்வொரு தூணும் ஏறக்குறைய ஒரு முழ அகலம். அம்மா கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு உள்ளங்கையைத் தூணில் பதித்தார். "சில்லென்று இருக்கும் என்று நினைத்தேன், இல்லையே" என்றார். நான் ஆப்பு எங்கே என்று காட்டினேன். அதன் பிறகு எனக்கு முன்னால் அவரே ஒவ்வொரு தூணாக நின்று தேடத் தொடங்கிவிட்டார். மூட்டு மாறுகிற இடத்தையும் அவர்தான் முதலில் கண்டுபிடித்தார், நான் தாண்டிப் போய்விட்டேன். பத்து மணி முதல் பன்னிரண்டரை வரை வளையத்தின் அடியிலேயே இருந்தோம். ஒரு வரிசையிலும் நிற்கவில்லை. முழங்காலைப் பற்றி அவர் அன்று பேசவேயில்லை.

பஹ்ரைனுக்குள் போனோம். போர்ச்சுகல் கயிறுகள் மழையில் கனத்துத் தொங்கின, அக்கா சொன்ன அழகு கிடைக்கவில்லை. மூன்று குவிமாடங்களில் காகிதக் குழாயைத்தான் நான் நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நீர்த்துளிகள் வெள்ளைப் பரப்பில் உருண்டு ஓடுகிற காட்சியை அம்மா இரண்டு சுற்று பார்த்தார்.

பள்ளிக்கூட அரங்கில் உள்ளே நிகழ்ச்சி பார்க்க இடம் கிடைக்கவில்லை. வருத்தமில்லை. மழை விட்டிருந்தது. முற்றத்தில் ஒரு ஜின்கோ மரம் நிற்கிறது. அதன் பக்கத்தில் நின்று பழைய பலகைகளைப் பார்த்தோம். ஒரு பலகையில் பழைய பழுப்புக்கு நடுவே விரல் அகலத்துக்குப் புதிய மரம் வைத்து அடைத்திருந்தார்கள். ஓட்டை விழுந்த இடத்தை மட்டும் சதுரமாக வெட்டி, அதே அளவுக்குத் துண்டு செதுக்கிச் செருகியிருந்தது. நிறத்தை மறைக்க முயலவில்லை. அம்மா அந்தத் துண்டின் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். நகம் எங்கும் மாட்டவில்லை. "எங்கள் பள்ளிக் கதவுகளை ஏலத்தில் எடைக்குப் போட்டார்கள்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை.

இரண்டாம் நாள் மேலே நடந்தோம். கடல் காற்று. ஓரமெல்லாம் பூச்செடிகள். ஒரு பக்கம் எல்லா நாட்டுக் கூரைகளும், மறு பக்கம் வெறும் கடல். தெற்கே நீரின் மேல் வரும்போது அம்மா நின்று, "இதையுமா பிரிப்பார்கள்?" என்று கேட்டார். ஒரு பகுதியையாவது வைத்துக்கொள்ளலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன்.

மறுநாள் சுயிதாவுக்கும் போனோம், ஐயா. கோபுரத்தின் உள்ளே போகவில்லை. கூரைத் துண்டின் மூட்டில் நானும் கை வைத்தேன். நீங்கள் எழுதிக் காட்ட முடியாது என்றது உண்மைதான்.

தம்பியிடம் சொல்ல நான் தயாராக வந்த பதிலுக்குத் தேவையே ஏற்படவில்லை. அம்மா அவனை உட்காரவைத்து, இரண்டு விரல்களைத் தூணாகவும் பென்சிலைச் சட்டமாகவும் வைத்து நுகி மூட்டை விளக்கிக்கொண்டிருக்கிறார். ஆப்புக்குத் தீக்குச்சி.

அக்கா, அந்தக் கற்களைப் பற்றி அம்மா ஒன்று கேட்கச் சொன்னார். பாறையின் விளிம்பில் பல்வரிசை போலச் சின்னச் சின்னக் குழிகள் வரிசையாக இருந்தன. அவர் வேலை பார்த்த ஊரில் கல்குவாரி உண்டு. அங்கே கல்லைப் பிளக்க ஆப்பு வைக்கிற குழிகளும் இப்படித்தான் இருக்கும் என்கிறார். இதுவும் அதுதானா? எக்ஸ்போ முடிந்தபின் அந்தக் கற்கள் எங்கே போகும்?

ஒசாகா_கயல் | 19 ஜூன் 2025

அதேதான், தம்பி. 'யா அனா' என்பார்கள், ஆப்பு வைத்துப் பிளந்த குழிகள். அம்மா சரியாகப் பார்த்திருக்கிறார். ஜப்பானில் பலபேர் அதை அலங்காரம் என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள்.

கற்கள் கடனாக வாங்கியவை. கிசுகாவாவுக்கே திரும்பிப் போகின்றன.